நாற்பத்தாறு காலி

நான் வேலை பார்த்த கால் டாக்ஸி கம்பெனியில் டிரைவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. வயர்லெஸ்ஸில் ஆளுக்கொரு எண். என் கணவர் நாற்பத்தாறு. நான் ‘கண்ட்ரோல்’. மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷன் பாலத்தைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் கண்ட்ரோல் ரூம் இருந்தது. மொட்டை மாடியில் உயரமான இரும்புக் கம்பம், அதன் உச்சியில் ஏரியல். கீழே ஒரு மேஜை, இரண்டு டெலிபோன், ஒரு வயர்லெஸ் செட், சுருள் சுருளான வயர் கொண்ட ஒரு மைக். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை.

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து அவர்தான் என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டார். “நீ பேசினா தெளிவா இருக்கும். அங்க இருக்கற பொண்ணு பேசறது ஒண்ணுமே புரியல, எல்லாரும் திட்டறானுங்க” என்றார். பி.ஏ. முடித்துவிட்டு சேலையூரில் ஒரு வாடகை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. பகல் ஷிஃப்ட் மட்டும் என்று கேட்டுக்கொண்டு சேர்ந்தேன்.

செட்டை நாள் முழுக்க இரையவிட்டுத்தான் வைத்திருப்பேன். அந்த இரைச்சலை அடைக்க ஒரு திருகு உண்டு. அதைத் திருகினால் அறை அமைதியாகிவிடும். ஆனால் தூரத்து வண்டி கூப்பிட்டால் அதுவும் சேர்ந்து அடைபட்டுவிடும். அதனால் மழை கொட்டுகிற மாதிரி அந்த ஓசை காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். யாராவது மைக்கை அழுத்தினால் இரைச்சல் சட்டென்று அடங்கும். பேசுவதற்கு முன்பே ஒரு ஆள் அங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடும். இஞ்சின் சத்தம், ஹார்ன், வைப்பர் தேய்கிற சத்தம் எல்லாம் குரலுக்குப் பின்னால் வரும். குரோம்பேட்டை, பல்லாவரம் என்றால் பக்கத்தில் நின்று பேசுவது போல இருக்கும். மேடவாக்கம் தாண்டினால் குரலில் மணல் விழும். நாவலூர், சிறுசேரி போனால் இரைச்சலுக்கு அடியில் யாரோ முனகுவது போலத்தான். ஆனால் கேட்கும். எத்தனை தேய்ந்தாலும் ஏதோ ஒன்று கேட்கும்.

ஒரு மழைக்காலத்தில் வேளச்சேரிப் பக்கம் தண்ணீரில் மாட்டிக்கொண்ட ஒரு வண்டியிலிருந்து எனக்கு வந்தது இரண்டரைச் சொல்தான். “...தண்ணி... கதவு தொற...” அவ்வளவே. எந்த வண்டி என்று குரலிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இரண்டு வண்டிகளை அனுப்பினேன். அதிலிருந்து டிரைவர்கள் என்னைப் பற்றி ஒரு மாதிரி பெருமையாகப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பெருமை எனக்கும் பிடித்திருந்தது.

சொந்தப் பேச்சு வயர்லெஸ்ஸில் கூடாது என்பது சட்டம். ஒருவர் பேசுவதை அத்தனை வண்டியும் கேட்கும். எங்கள் இருவருக்கும் அது நன்றாகவே தெரியும். ஆனாலும் மத்தியானம் அவர் கூப்பிடுவார்.

“கண்ட்ரோல், நாப்பத்தாறு.”

“சொல்லுங்க நாற்பத்தாறு.”

“டைம் இன்னா கண்ட்ரோல்?”

கையில் வாட்ச் கட்டிய மனிதர் அவர். நான் மணியைச் சொல்வேன். “ரோஜர்” என்பார், கேட்டுக்கொண்டேன் என்பதற்கான வயர்லெஸ் சொல். சாப்பிட்டாயா என்று அவர் கேட்டதாகவும், சாப்பிட்டேன் என்று நான் சொன்னதாகவும் இந்தப் பேச்சுக்குப் பொருள். எல்லா டிரைவருக்கும் அது தெரியும். பன்னிரண்டாம் நம்பர் டிரைவர் மட்டும் சில நாள் நடுவில் புகுந்து, “கண்ட்ரோல், எனக்கும் டைம் சொல்லுங்கக்கா, என் வாட்ச்சும் ஓடல” என்று சிரிப்பான். அவன் கோவளத்துக்காரன். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறான் என்று வீட்டில் கைவிட்டுவிட, டாக்ஸி ஓட்ட வந்தவன். என் கணவரை அண்ணன் என்பான். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்து தருவான்.

பழைய முறையில் குறை இல்லாமல் இல்லை. யாராவது மைக்கின் மேல் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் மொத்தக் கம்பெனியும் ஊமையாகிவிடும்; அவர் வண்டியில் நடக்கிற சண்டையை எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். இருவர் ஒன்றாக அழுத்தினால் ஒருவர் பேச்சும் விளங்காது. அதைவிட, வேறு கம்பெனிக்காரர்கள் எங்கள் அலைவரிசையை ஒட்டுக்கேட்டு, எங்கள் வண்டி போவதற்குள் தங்கள் வண்டியை அனுப்பிச் சவாரியைக் கொத்திக்கொண்டு போனார்கள். எங்கள் மேனேஜர் அதில் நொந்து போயிருந்தார். அதனால் புது முறை வரப்போகிறது என்று அவர் சொன்னபோது நான் அதை எதிர்த்து ஒன்றும் நினைக்கவில்லை.

புது முறையை மாட்ட வந்தவர் ஓர் இளம் என்ஜினியர். பொறுமையானவர். வண்டிகளில் இருந்த வயர்லெஸ்ஸைக் கழற்றிவிட்டு, கைக்கு அடங்குகிற ஒரு பெட்டியை வைத்தார். அதில் சின்னத் திரை, நாலைந்து பட்டன்; அவற்றில் ஒன்று அவசரத்துக்கு. என் மேஜையில் கம்ப்யூட்டர்.

“இதுவரைக்கும் நீங்க வச்சிருந்தது அனலாக் மேடம். தூரம் போகப் போக சிக்னல் தேஞ்சுகிட்டே வரும். இரைச்சலும் குரலும் கலந்துதான் வரும். இது டிஜிட்டல். வந்தா முழுசா வரும், சுத்தமா வரும்.”

“வரலைன்னா?”

“வரலைன்னா வராது மேடம்.”

அவர் அதை ஒளிக்காமல்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு அறையில் சத்தமே இல்லை. திரையில் வண்டிகளின் எண்கள் வரிசையாக நின்றன. பச்சை என்றால் காலி. சிவப்பு என்றால் சவாரியில் இருக்கிறது. போனில் ஆள் கேட்டால் நான் தட்டச்சு செய்வேன். கம்ப்யூட்டரே பக்கத்து வண்டியைத் தேடி அனுப்பும். டிரைவர் பட்டனை அழுத்தி ஒப்புக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரத்துக்குள் அழுத்தாவிட்டால் மறுத்ததாகக் கணக்கு. மூன்று தடவை மறுத்தால் அந்த வண்டிக்குச் சில மணி நேரம் சவாரி கிடையாது. நான் யாரோடும் பேச வேண்டியதில்லை. முதல் வாரம் காதில் ஏதோ அடைத்துக்கொண்டது போலிருந்தது.

என் கணவருக்கு அந்தப் பெட்டி பிடிக்கவே இல்லை. “நாள் பூரா ஓட்டறேன், ஒரு மனுஷன் குரல் இல்ல. அது கீச்சு கீச்சுன்னு கத்துது, நான் அழுத்தறேன். நாய்க்கு பிஸ்கட் போடற மாதிரி கீது” என்றார் வீட்டில். பிறகு பழகிவிட்டார். மத்தியானம் செல்போனில் கூப்பிடுவார். “டைம் இன்னா?” என்று ஆரம்பித்து நாங்களே சிரித்துவிடுவோம். அந்த விளையாட்டும் சீக்கிரமே நின்றுபோனது. தனியாகப் பேசும்போது எது வேண்டுமானாலும் பேசலாமே, அப்புறம் எதற்கு மணியைக் கேட்பது?

அது ஐப்பசி. மழை விட்டுக் கொஞ்சம் வெயில் அடித்த ஒரு நாள். காலையில் ஏர்போர்ட்டில் ஏற்றிய ஒரு பயணியை அவர் நாவலூருக்கு உள்ளே புதிதாகக் கட்டியிருந்த அடுக்குமாடி வீட்டில் இறக்கினார். திரையில் நாற்பத்தாறு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியதை நானே பார்த்தேன். ‘நாவலூர் – காலி’.

மத்தியானம் போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரையில் மட்டும் அதே பச்சை. நாவலூரில் ஒரு சவாரி வந்தது. கம்ப்யூட்டர் அவருக்கு அனுப்பியது. கொஞ்ச நேரத்தில் ‘மறுப்பு’ என்று காட்டி வேறு வண்டிக்குப் போனது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே ஆனதும் நாற்பத்தாறு மஞ்சளாக மாறியது. தண்டனை.

மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன். “சார், அவர் வண்டி ரெஸ்பான்ஸே இல்ல.”

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. எழுந்து வந்து திரையைப் பார்த்தார். “காலின்னுதானேமா காட்டுது? சாப்பிட்டுட்டு எங்கயாவது நிழல்ல படுத்திருப்பாரு. லாக் ஆயிருக்கு பாரு, அதான். எந்திரிச்சதும் கூப்பிடுவாரு.”

என்னால் உட்கார முடியவில்லை. பழைய வயர்லெஸ் செட் இன்னும் அலமாரியின் மேல்தான் இருந்தது. ஏரியல் வயரும் ஜன்னல் வழியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கி, வயரைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். அந்த இரைச்சல் வந்தது. மைக்கை எடுத்தேன்.

“நாற்பத்தாறு, நாற்பத்தாறு, கண்ட்ரோல்.”

இரைச்சல்.

“நாற்பத்தாறு, எங்க இருக்கீங்க? கண்ட்ரோல் கூப்பிடறேன்.”

எந்த வண்டியிலும் அந்த செட் இல்லை என்று எனக்குத் தெரியும். கழற்றும்போது நான்தான் ஒவ்வொன்றாக வாங்கி அட்டைப் பெட்டியில் அடுக்கினேன். தெரிந்தும் கூப்பிட்டேன். என்னோடு ஷிஃப்ட் பார்த்த பெண் வந்து என் தோளைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன்.

பன்னிரண்டாம் நம்பருக்குப் போன் செய்தேன். அவன் சோழிங்கநல்லூரில் சவாரிக்குக் காத்திருந்தான். “அண்ணனா? நான் போய்ப் பாக்கறேன்க்கா, நீ பயப்படாத” என்றான். பிறகு அவனும் எல்லைக்கு வெளியே போய்விட்டான்.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. திடீரென்று கம்ப்யூட்டர் கத்த ஆரம்பித்தது. நாற்பத்தாறு மஞ்சளிலிருந்து பளிச்சென்று சிவப்பாகி மின்னியது. ‘அவசரம்’. அதன் கீழே இன்னொரு ‘அவசரம்’. இன்னொன்று. இன்னொன்று. மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து கொட்டுவது போல ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன. எனக்கு ஒரு நொடி சந்தோஷம்தான் வந்தது. உயிரோடு இருக்கிறார், இப்போதுதான் அழுத்துகிறார், கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெண்தான் திரையில் விரலை வைத்துக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அழுத்திய நேரம் இருந்தது. எல்லாம் மத்தியானத்துக்கு முந்தைய நேரம். நான் அவர் போனுக்காகக் காத்திருக்க ஆரம்பிப்பதற்கும் முன்னால்.

அவர் செல்போனுக்கு அடித்தேன். எடுத்தது பன்னிரண்டாம் நம்பர்.

“அக்கா, அண்ணனை வண்டில போட்டு இட்டாந்துகினு கீறேன். அண்ணன் வண்டியவே ஓட்டினு வரேன். இப்பதான் மெயின் ரோட்டுக்கு வந்தேன். மூச்சு கீதுக்கா. ஆனா பேச மாட்டேங்கறாரு. வாய் ஒரு பக்கமா போய்கீது. நீ ஆஸ்பத்திரிக்கு வந்துடு.”

நடந்தது இதுதான். பயணியை இறக்கிவிட்டு அவர், பன்னிரண்டாம் நம்பருக்கும் பழக்கமான, ஏரிக்கரை ஓரக் குறுக்கு வழியில் திரும்பியிருக்கிறார். அங்கே டவர் இல்லை. போகும்போதே பக்கவாதம் தாக்கியிருக்கிறது. வண்டியை ஓரமாக ஒரு வேலமரத்தின் கீழ் நிறுத்துகிற அளவுக்குத் தெளிவு இருந்திருக்கிறது. வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் அவசர பட்டனை அழுத்தியிருக்கிறார். பெட்டியில் சிக்னல் இல்லை. அது ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டது. மறுபடி அழுத்தியிருக்கிறார். அந்த வழியாகக் கட்டட வேலைக்காரர்கள் போயிருக்கிறார்கள். வண்டியில் டிரைவர் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். மத்தியான நேரத்தில் எந்த டாக்ஸி டிரைவரைப் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பன்னிரண்டாம் நம்பர் அந்த வண்டியை மெயின் ரோட்டுக்கு ஓட்டி வந்ததும், பெட்டிக்கு டவர் கிடைத்து, வைத்திருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் என்னிடம் கொட்டியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, எப்போது ஆரம்பித்தது என்றுதான். என்னால் நிமிஷக் கணக்காகச் சொல்ல முடிந்தது. டாக்டர் தன் வாட்சைப் பார்த்தார். அதன் பிறகு அவர் பேசிய விதம் மாறிவிட்டது. சீக்கிரம் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்த என்ஜினியர் கம்பெனிக்கு வந்திருந்தார். நான் சம்பளமில்லா லீவு கேட்கப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“மேடம், செக் பண்ணிட்டேன். சார் அனுப்பினது எல்லாமே வந்து சேர்ந்திருக்கு. ஒண்ணுகூட லாஸ் ஆகல.”

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

“பழைய செட் இருந்திருந்தா எனக்குக் கேட்டிருக்குமா?” என்று கேட்டேன்.

“சொல்ல முடியாது மேடம். அந்த ஏரிப் பக்கம் பழைய செட்டும் எட்டாம இருந்திருக்கலாம். எட்டியும் இருக்கலாம்.”

அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் அதற்குப் பிறகு வாழ்ந்தேன். சிறுசேரியிலிருந்து எனக்குக் குரல் கேட்டிருக்கிறது. அதே ஏரிப் பக்கத்திலிருந்து கேட்டதா என்று யோசித்தால் ஒருநாள் கேட்டது போல இருக்கும், இன்னொரு நாள் கேட்டதே இல்லை போல இருக்கும். பேச முடியாவிட்டாலும் மைக்கை அழுத்தியிருப்பாரே, இரைச்சல் அடங்கியிருக்குமே, அவர் மூச்சாவது வந்திருக்குமே என்று தோன்றும். அப்படி வந்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். வந்திருக்குமா என்பதுதான் தெரியாது. யாரிடமும் போய்க் கேட்டு முடிவு கட்ட முடியாத கேள்வி அது.

ஒரு மாதம் கழித்து அவருக்கு ஒரு சொல் திரும்பி வந்தது. வீட்டில் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். “போதுமா?” என்றேன். வாய் கோணி, கழுத்து நரம்பு புடைக்க முயன்று, “ரோஜர்” என்றார்.

நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பேச்சு வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னேன்.

ஆனால் அந்த ஒரு சொல் மட்டும்தான் வந்தது. பசிக்கிறதா என்றால் ரோஜர். பசிக்கவில்லையா என்றாலும் ரோஜர். வலித்தாலும் அதுதான், தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான். நெடுங்காலம் ஓயாமல் சொன்ன ஒரு சொல் சில பேருக்கு இப்படி மிஞ்சிவிடும், அதற்குப் பொருள் கிடையாது என்றார் டாக்டர். பொருள் உண்டு. அவர் கண்ணைப் பார்த்தால் தெரியும், ஏதோ ஒன்றைத்தான் சொல்ல வருகிறார். அது எது என்று எனக்குத் தெரியவில்லை. நான் தலையணையைச் சரிசெய்வேன். இல்லை என்று தலையை ஆட்டி, கோபமாக, “ரோஜர், ரோஜர்” என்பார். ஜன்னலைத் திறப்பேன். மூடுவேன். மூத்திரக் கோப்பையைக் கொண்டுவருவேன். கடைசியில் அவர் இடது கையால் சுவரைக் குத்துவார்.

பன்னிரண்டாம் நம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். ஊர்க் கதை, கம்பெனிக் கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். “அண்ணே, பேஜாரா கீதுண்ணே அந்தப் பொட்டி. இன்னிக்கு என்னையும் லாக் பண்ணிடுச்சு” என்று ஒருநாள் சிரித்தபடி சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் ரோஜர்கூடச் சொல்லவில்லை. அந்தச் சொல்லையும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது அந்த நாட்களில்தான். வராமல் போகவில்லை. சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டார். அதை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஏனென்றால் தூக்கத்தில் சொல்வார்.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தேன். வேறு வழியில்லை. காலையில் எல்லாம் செய்துவைத்துவிட்டுப் போவேன்; பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்வார். அதே மேஜை, அதே திரை. வண்டிகள் பச்சையாகவும் சிவப்பாகவும் மாறிக்கொண்டிருக்கும். யாராவது பச்சையாகவே வெகுநேரம் இருந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். செல்போனில் கூப்பிட்டுவிடுவேன். “இன்னாக்கா, டீ குடிச்சிகினு இருந்தேன்” என்பார்கள். முதலில் புரிந்துகொண்டார்கள். போகப் போகச் சலித்துக்கொண்டார்கள். மேனேஜர் தயங்கித் தயங்கி, அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றார்.

மூன்றாவது வருஷம், ஒரு சித்திரை மாதக் காலையில் அவர் போய்விட்டார். இரண்டாவது தடவை தாக்கியது. அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பக்கத்தில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த என்ஜினியரிடம் கேட்ட கேள்விக்கு இது பதிலாகிவிடும் என்று யாராவது நினைக்கலாம். எனக்கு ஆகவில்லை.

அவர் குரல் என்னிடம் எங்கேயும் இல்லை. வருஷக்கணக்கில், ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை அந்தக் குரல் என் காதுக்குள் வந்திருக்கிறது. பழைய செட் எதையும் சேர்த்து வைக்காது. வந்தது, கேட்டேன், போய்விட்டது. கல்யாண வீடியோவில் அவர் பேசவே இல்லை, மேளம்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அவர் அழுத்திய அந்த ‘அவசரம்’ எல்லாம் நேரத்தோடு அப்படியே இருக்கின்றன. வேண்டுமானால் எடுத்துத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னார்கள். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு அவர் பழைய குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவிடம் பேசிய குரல், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைக் கூப்பிடுகிற குரல். சொற்கள் நினைவிருக்கின்றன. குரல் வருவதில்லை. வாய் கோணிய பிறகு வந்த அந்தக் கரகரத்த குரல்தான் எல்லாச் சொல்லையும் சொல்கிறது.